உப்புக்காற்றில் எந்த ஸ்ட்ரெய்ட்னர்? முடிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை நம் ராமநாதபுரக் கரையில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்திருக்கும் பெண்களிடம் கேட்டால் குறை ஒன்றுதான். "வீட்டில் தேய்க்கும்போது பளபளவென்று நேராக நிற்கிறது அக்கா, பஸ் ஸ்டாப் வருவதற்குள் பழையபடி நெளிந்துவிடுகிறது." அடுத்த தடவை சூட்டைக் கூட்டுகிறார்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் இன்னும் விலை கூடிய கருவி வாங்குகிறார்கள். கடைசியில் நுனி கருகி, முடியை வெட்ட வேண்டியதாகிறது.

கல்யாணப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்வது என் வேலை. நம் ஊர்க் காற்று, தண்ணீர், முடி மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்ட்ரெய்ட்னர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வழி இருக்கிறதா என்பதை. தகடு என்ன பொருள், என்ன கம்பெனி, எத்தனை விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அப்புறம்.

முடிக்குள் நடப்பது என்ன

கருவியைப் பற்றிப் பேசும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை வடிவத்தில் பிடித்து வைக்கும் பிணைப்புகளில் இரண்டு முக்கியமானவை. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. தண்ணீர் பட்டாலும் அவிழும், சூடு பட்டாலும் அவிழும். முடி காய்ந்து ஆறும் நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி அலையலையாக இருப்பது இதனால்தான். இன்னொன்று டைசல்ஃபைடு எனப்படும் கந்தகப் பிணைப்பு. அது உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. பார்லரில் ரீபாண்டிங் செய்யும்போது ரசாயனம் போட்டு உடைப்பது அதைத்தான்.

ஸ்ட்ரெய்ட்னர் மாற்றுவது முதல் வகையை மட்டும். அதனால் காற்றில் ஈரம் கூடினால் முடி அந்த ஈரத்தை உறிஞ்சி, பிணைப்பு அவிழ்ந்து, பழைய நெளிவுக்குத் திரும்பும். இது கருவியின் குற்றம் கிடையாது. நம் கரையில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த 75 என்ற எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. சமையல் உப்பு காற்றிலிருந்து தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் ஈரம் இழுக்கும். கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்போ, உப்புத் தண்ணீரில் குளித்த உப்போ முடியில் இருந்தால், ஒவ்வொரு இழையும் தன் மேலேயே ஈரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட முடியை எவ்வளவு சூட்டில் தேய்த்தாலும் நிற்காது.

ஓர் அளவுக்கு மேல் சூட்டைக் கூட்டுவதால் ஈரத்தைத் தாங்கும் பலம் கூடுவதில்லை. உலர்ந்த முடியே 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கெரட்டினின் உள் அமைப்பு நிரந்தரமாகக் குலையும் ஆபத்துக்குள் போகிறது. ஈர முடி கெடுவதற்கு அதைவிட வெகு குறைந்த சூடே போதும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் இழைக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில்தான் முடி பிறகு ஒடியும்.

முதல் படி: உங்கள் முடியைச் சோதித்துப் பாருங்கள்

முடி வகை என்றதும் எல்லாரும் நேர் முடி, அலை முடி, சுருட்டை முடி என்று வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கச் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பிரபலமாக்கிய 1 முதல் 4 வரையான வகைப்பாடும் பெரும்பாலும் வடிவத்தை வைத்துத்தான். ஸ்ட்ரெய்ட்னருக்கு அது மட்டும் போதாது. எவ்வளவு சூடு தாங்கும் என்பதை முடிவு செய்வது இழையின் தடிமனும் அதன் இப்போதைய உடல்நிலையும். நல்ல சுருட்டை முடியிலும் மிக மெல்லிய இழை உண்டு. கோரை முடி நேராகவே இருந்தாலும் தடிமனாக இருக்கும்.

தடிமனைப் பார்க்க, காய்ந்த முடி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். எதுவுமே இருப்பதாகத் தெரியவில்லை என்றால் மெல்லிய முடி. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் நடுத்தரம். தையல் நூல் போல உறுதியாகத் தட்டுப்பட்டால் தடித்த முடி. நெற்றியோரம், காதோரம், உச்சி, பிடரி என நான்கு இடத்திலிருந்தும் எடுத்துப் பாருங்கள். நெற்றியோர முடி எப்போதும் மெல்லிசாகத்தான் இருக்கும். பலருக்கு அந்த இடம்தான் முதலில் ஒடிகிறது, காரணம் தலை முழுவதற்கும் ஒரே சூடு வைப்பது.

வடிவம் தெரிய, தலைக்குக் குளித்தபின் சீவாமல், டிரையர் போடாமல், துண்டால் அழுத்தித் தேய்க்காமல் தானாகக் காயவிடுங்கள். அப்போது வருவதுதான் உங்கள் முடியின் உண்மையான வடிவம். வருடக்கணக்காக எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியே பழகியவர்களுக்கு, தங்களுடையது அலை முடி என்பதே இப்படிப் பார்த்தால்தான் தெரியவரும்.

இனி உடல்நிலை. ஈரமான ஒரு முடியை மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு மறுபடி சுருங்கினால் ஆரோக்கியம். ரப்பர் போல நீண்டுகொண்டே போனாலோ, இழுத்ததும் பட்டென்று அறுந்தாலோ அந்த முடிக்கு இப்போது ஸ்ட்ரெய்ட்னர் வேண்டாம். நுனியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். பொடுகு என்று நினைத்து உதறுகிறார்கள். உதிராமல் இழையோடு ஒட்டியே இருந்தால், அந்த இடத்தில் இழை சிதைந்து பிரிந்திருக்கிறது என்று பொருள்.

முடியில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மருதாணி அடிக்கடி வைக்கும் முடி இழைமேல் பூச்சு ஏறிக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். நேராக்க நேரம் பிடிக்கிறதே என்று சூட்டைக் கூட்டாதீர்கள், அந்த முடி ஏற்கெனவே வறண்டது. கடையில் கறுப்பு மருதாணி என்ற பெயரில் வரும் பொடிகளில் பெரும்பாலும் ரசாயனச் சாயமும் இருக்கும். அதைச் சாயம் போட்ட முடியாகவே நினைத்து நடத்துங்கள். பிளீச் செய்து நிறம் மாற்றியிருந்தால் அது எல்லாவற்றிலும் பலவீனமான முடி.

சின்னப்பாலம், தங்கச்சிமடம் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கும் வலை வேலையில் இருப்பவர்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தினமும் உப்புநீரும் வெயிலும் பட்ட முடி, இழை தடித்திருந்தாலும் பலவீனமாக இருக்கும். தொட்டால் முரடாக இருக்கிறதே என்று தடித்த முடிக்கான சூட்டை வைத்துவிடக் கூடாது. விசேஷத்துக்கு முன் ஒரு வாரம் எண்ணெய் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, சாயம் போட்ட முடிக்கான சூட்டில் செய்தால் அழகாக வரும்.

இரண்டாம் படி: சூட்டைத் தீர்மானியுங்கள்

பட்டுச் சேலைக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு என்று இஸ்திரிப் பெட்டியில் பார்த்துத்தானே வைக்கிறோம், முடிக்கும் அப்படித்தான்.

மெல்லிய முடி, சாயம் போட்ட முடி, நரைத்து வறண்ட முடி, பிளீச் செய்த முடி: 120 முதல் 150 டிகிரி. பிளீச் செய்ததென்றால் 130ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நடுத்தரத் தடிமன், ஆரோக்கியமான நேர் முடியோ அலை முடியோ: 150 முதல் 180. நம் பக்கத்தில் பெரும்பாலான பெண்கள் இதற்குள் வந்துவிடுவார்கள்.

தடித்த முடி, இறுக்கமான சுருட்டை: 180 முதல் 200. அதற்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. கருவியில் 230 வரை எண் இருக்கலாம். அது இருக்கிறது என்பதற்காகத் தொட வேண்டியதில்லை.

உங்கள் வகைக்கு உள்ள குறைந்த எண்ணில் தொடங்குங்கள். பிடரிப் பக்கம் உள்ளே இருக்கும் ஒரு கொத்தில் ஒரே இழுப்பு இழுத்துப் பாருங்கள். நேரானால் அதுதான் உங்கள் சூடு. ஆகவில்லை என்றால் பத்து டிகிரி கூட்டி இன்னொரு கொத்தில் பாருங்கள். குறைந்த சூட்டில் ஐந்தாறு தடவை தேய்ப்பதும் கெடுதல்தான், அதனால் ஒரே இழுப்பில் வேலை முடியும் மிகக் குறைந்த சூட்டைத்தான் தேடுகிறோம்.

கடைகளில் விலை குறைந்த பல கருவிகளில் ஆன், ஆஃப் மட்டும்தான் இருக்கும். அவை ஒரே சூட்டில் நிற்கும். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 200, 210 என்று போட்டிருப்பார்கள். தடித்த முடிக்காரர் அதைச் சமாளிக்கலாம். மெல்லிய முடிக்காரர் அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை மட்டும் உள்ள கருவியில், ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை டிகிரி என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதா எனக் கேளுங்கள். எண் தெரியும் திரை இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: தகடு

செராமிக் தகடு சூட்டைச் சீராகப் பரப்பும், ஓரிடம் அதிகம் ஓரிடம் குறைவு என்று இராது. மெல்லிய முடிக்கும் நடுத்தர முடிக்கும் இதுவே போதும். பெரும்பாலானவை உலோகத்தின் மேல் செராமிக் பூச்சு மட்டும் உள்ளவை என்பதை நினைவில் வையுங்கள். பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் சூடு மாறும், முடியும் சிக்கி அறும். உப்புத் துகளும் மணலும் படிந்த முடியைத் தேய்ப்பது அந்தப் பூச்சைக் கீறுவதற்கு நல்ல வழி. கடலோரத்தில் தகடு சீக்கிரம் கெட இது ஒரு காரணம்.

டைட்டானியம் தகடு வேகமாகச் சூடேறும், சூட்டை முடிக்கு வேகமாகக் கடத்தும், எடையும் குறைவு. தடித்த கோரை முடிக்கும் இறுக்கமான சுருட்டைக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் கை நின்றுவிட்டால் மன்னிக்காது. முதல் தடவை வாங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

டூர்மலின் என்பது ஒரு கனிமம். சூடேறும்போது அதில் மின்னேற்றம் உண்டாகும், அதைச் செராமிக்கோடு கலக்கிறார்கள். எதிர்மின் அயனிகளை வெளிவிட்டு முடி பறப்பதை அடக்கும் என்பது விளம்பரம். முடி மின்னேற்றத்தால் பறப்பது வறண்ட குளிர்க்காற்றில் வரும் தொல்லை. நம் பக்கம் முடி பறப்பதும் உப்புவதும் ஈரத்தால். ஆகவே அயனிக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அதே பணத்துக்கு நல்ல சூட்டுக் கட்டுப்பாடு உள்ள கருவி வாங்குவது நம் ஊருக்குப் புத்திசாலித்தனம்.

அகலம் சுலபம். தோள்வரை, நடுத்தர அடர்த்தி என்றால் ஒரு அங்குலம். இடுப்புவரை அடர்ந்த முடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், இல்லையென்றால் மணிக்கணக்காகும். குட்டை முடி, நெற்றியோரம், பையன்களின் முன்முடி இதற்கெல்லாம் அரை அங்குலம்.

கடையில் கையில் எடுத்ததும் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக உள்வாங்கி எழும்பும் தகடு முடியைச் சீராகப் பிடிக்கும். இரண்டு தகடும் மூடும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். ஓரங்கள் உருண்டிருக்க வேண்டும். கூர்மையான ஓரம் முடியில் மடிப்பு விழவைக்கும்.

சீப்பு, பிரஷ், ஆவி வகைகள்

பிரஷ் வடிவ ஸ்ட்ரெய்ட்னர் அலை முடிக்கும், காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்கும் நல்லது. முடியை இரண்டு தகட்டுக்குள் நசுக்காது. கோடு போட்ட மாதிரி நேராக வராது, உப்பல் மட்டும் அடங்கும். நம் காற்றில் அதுவே நியாயமான எதிர்பார்ப்பு என்று நினைக்கிறேன். இறுக்கமான சுருட்டைக்கு இது பற்றாது, பற்களில் முடி சிக்கிக்கொள்ளும்.

சூடான காற்று ஊதும் பிரஷ்கள் இன்னும் மென்மையானவை. மெல்லிய முடி, சாயம் போட்ட முடிக்காரர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆவி விடும் ஸ்ட்ரெய்ட்னரில் சிறிய தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து சிறுதுளைகள் அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோதான் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஈர முடியிலேயே போடலாம் என்று விற்கும் வகையும் வருகிறது. ஆவி வெளியேறத் தகட்டில் துவாரம் வைத்திருப்பார்கள். ஈரமும் உயர்ந்த சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். இதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் படி: கரண்ட், பிளக், துரு

நம் கரையில் பாதி வீடுகளில் ஸ்ட்ரெய்ட்னர் கடையில் வாங்கியதாக இருக்காது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மச்சானோ அண்ணனோ வாங்கி வந்ததாக இருக்கும். இந்த மூன்று நாடுகளிலும் மின்னழுத்தம் நம்மைப் போல 230, 240 வோல்ட்தான், பிரச்சினையில்லை. பிளக்கில் மட்டும் சதுர முள் மூன்று இருக்கும். அதைக் கத்தரித்து ஒயரை நேராகச் செருகுவதோ, தளர்ந்த மல்டிபிளக்கில் திணிப்பதோ வேண்டாம். உறுதியான அடாப்டர் வாங்குங்கள், இல்லை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் பிளக்கை மாட்டுங்கள். அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வந்ததென்றால் கைப்பிடியில் உள்ள சிறிய எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் சரி. 100 அல்லது 120 மட்டும் இருந்தால் நம் வீட்டில் செருகியதும் கருகிவிடும்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் கருவி சூடேற நேரம் எடுக்கும். வோல்ட் 230லிருந்து 180க்கு இறங்கினால் சாதாரணச் சூட்டுக் கம்பியின் திறன் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறையும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துச் சூட்டு அளவைக் கூட்டி வைக்கிறார்கள், வோல்டேஜ் திரும்பியதும் முடி தீய்கிறது. சூட்டு அளவைத் தொடாமல் காத்திருங்கள். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரே பெரும்பாலும் தாங்கும், பல கருவிகள் 60 வாட்டுக்குள்தான்.

துரு இன்னொரு விஷயம். உலோக அரிமானத்தை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் ஊரில் ஒரு பிரிவு வைத்திருக்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று புரியும். ஸ்ட்ரெய்ட்னரின் ஸ்பிரிங், மூட்டில் உள்ள ஆணி, பிளக் முள் இவைதான் முதலில் போகும். வாங்கும்போது மூட்டு திறந்து கிடக்காமல் மூடியிருக்கிறதா, ஒயர் கைப்பிடியோடு சேரும் இடத்தில் சுழலுகிறதா என்று பாருங்கள். தானாக அணையும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை, பில், வாரண்டி அட்டை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் கடைகளில் கேட்டால் செருகிச் சூடேற்றிக் காட்டுவார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ஐந்தாம் படி: தலைக்குக் குளிப்பது

ஸ்ட்ரெய்ட்னர் சரியாக நிற்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து விறைப்பாக்கும். சோப்புப் போட்டுத் தலை குளித்தால் அவற்றோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக ஒட்டும், ஆகவே ஷாம்புவே போடுங்கள். மொத்தக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கேட்டால் நம் ஊரில் நடக்காது, தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் காவிரித் தண்ணீரையோ விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரையோ எடுத்து வையுங்கள். அந்த ஒரு குடம் செய்யும் வேலையை எந்த சீரமும் செய்யாது.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்த தலையை அப்படியே காயவைத்துத் தேய்க்காதீர்கள். உப்பு முழுக்க இருக்கும். அறைக்குப் போய் ஷாம்பு போட்டு அலசிய பிறகுதான் மற்றதெல்லாம்.

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும், முந்தின இரவே வைப்பது நல்லது. ஆனால் எண்ணெயோடு தேய்க்கக் கூடாது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். தகடு 180ல் இருந்தால் முடியைப் பொரிப்பதாகவே ஆகும். நன்றாக அலசி நீக்கிவிடுங்கள்.

பிறகு காயவைப்பது. நம் காற்றில் வெளியே தொட்டால் காய்ந்தது போலவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், அதிலும் பிடரியில். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் காயவில்லை. தகடு பட்டதும் சுர்ரென்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

சூட்டுப் பாதுகாப்பு ஸ்பிரேயோ கிரீமோ அவசியம். டைமெத்திகோன் போன்ற சிலிகான்கள் இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள். அவை இழைமேல் மெல்லிய படலமாக நின்று சூடு ஏறும் வேகத்தைக் குறைக்கும். முழுவதும் தடுத்துவிடாது, அதனால் அதை நம்பிச் சூட்டைக் கூட்டக் கூடாது. ஈர முடியில் போட்டு அதன்பின் முழுக்கக் காயவையுங்கள்.

ஆறாம் படி: தேய்க்கும் முறை

ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்க்காத அறையில் உட்காருங்கள். முடியை நான்கு பாகமாகப் பிரித்து கிளிப் போட்டுக்கொண்டு பிடரியில் தொடங்குங்கள். நடுத்தர முடிக்கு இரண்டு விரல் அகலக் கொத்து, தடித்த முடிக்கு ஒரு விரல் அகலம். வேரிலிருந்து ஒரு விரல்கடை விட்டுப் பிடியுங்கள். முன்னால் சீப்பும் பின்னால் தகடுமாக இரண்டும் சேர்ந்து இறங்கினால் சிக்கு இல்லாமல் ஒரே இழுப்பில் வரும். நிற்காமல், அவசரப்படாமல் இழுக்க வேண்டும். நுனிக்கு வந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள், அது முடியின் மிகப் பழைய பகுதி. ஒரு கொத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

இழுத்து முடித்ததும் கையால் தடவாதீர்கள், காதுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள், கட்டாதீர்கள். ஆறும்போதுதான் பிணைப்பு கட்டிக்கொள்கிறது. சூடாக இருக்கும்போது ரப்பர் பேண்ட் போட்டால் அந்தத் தடமே நின்றுவிடும். முக்காடோ ஹிஜாபோ அணிபவர்கள் முழுக்க ஆறிய பிறகு, வழுவழுப்பான உள்தொப்பியோடு அணிந்தால் நடுமுடியும் நுனியும் நன்றாக நிற்கும். நெற்றியோரம் வியர்வையில் நெளியத்தான் செய்யும். அதைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால் பயனில்லை.

ஆறிய பின் இரண்டு சொட்டு சிலிகான் சீரம் நுனியிலும் மேற்பரப்பிலும். அது காற்றின் ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும்.

நேரத்தையும் பாருங்கள். ஈரப்பதம் விடியலுக்கு முன் உச்சத்திலும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். அதிகாலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே எழுந்து முடியை நேராக்கச் சொல்லும் கல்யாணப் பெண்களுக்கு நான் சொல்வது: முகூர்த்தத்துக்குப் பின்னல் போட்டுப் பூ வையுங்கள், மாலை வரவேற்புக்கு நேராக்கிக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபம் கடற்கரையோரம் இருந்தால் இதில் மாற்றமே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் மழையோடு வரும்போது முழுக்க விரித்த முடியைவிட, நேராக்கிப் பாதி கட்டிய முடி அதிக நேரம் ஒழுங்காக இருக்கும்.

பார்லர் சிகிச்சை செய்த முடி

கெரட்டின் சிகிச்சை, ஸ்மூத்தனிங் என்று பல பெயர்களில் செய்கிறார்கள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்பவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கலாம். அப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பெயர் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். சொல்லத் தயங்கும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ரீபாண்டிங் செய்த முடிக்கு வீட்டில் மறுபடி ஸ்ட்ரெய்ட்னர் தேவைப்படுவது வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த இடத்துக்கு மட்டும். அந்த அளவோடு நிறுத்துங்கள், பழைய நீளத்தில் தகடு பட வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை

ஆரோக்கியமான முடிக்கு வாரம் ஒரு முறை. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் விசேஷ நாட்களில் மட்டும். நெளிந்துவிட்டதே என்று குளிக்காத முடியில் மறுநாளும் தேய்த்தால், அன்று படிந்த வியர்வையும் உப்பும் சேர்ந்து வேகும். தீய்ந்த வாடை வந்தால் அந்த மாதம் ஓய்வு கொடுங்கள்.

கருவியைப் பராமரிக்க

ஒவ்வொரு முறையும் தகடு முழுக்க ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். சீரமும் ஸ்பிரேயும் பிசுக்காக ஒட்டியிருந்தால் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம், பிளக் கழற்றியிருக்க வேண்டும். கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டக் கூடாது. குளியலறை ஆணியிலும் கடலைப் பார்த்த ஜன்னல் திண்டிலும் வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிறதே, அதுவே போதும். ஒயரைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். பிளக் முள் கறுத்திருந்தால் உப்புத்தாள் கொண்டு லேசாகத் தேய்த்துவிடுங்கள். சாக்கெட்டும் கறுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அணைத்த பிறகும் தகடு வெகுநேரம் சுடும், சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஆறவையுங்கள். சூடு பட்டுவிட்டால் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாமல் ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.